டாக்டர் அறையில் நான் சொன்ன ஒரு வாக்கியம்

பாபு,

நேற்றுக் காலை செல்வி போனில் அழுதாள். அழுதாள் என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, சளியாகவும் இருக்கலாம். "மாமா, அவரு எங்கியோ ஆளப் புடிச்சி மெடிக்கல் பேப்பர் வாங்கினு வந்துட்டாரு. திங்கக்கெயமலேர்ந்து மறுபடியும் ஸ்டாஃப் பஸ்ஸுக்குப் போறாராம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாமா" என்றாள். சரிம்மா என்றேன். வைத்த பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டேன் என்பது உறைத்தது. நான் ஒரு வார்த்தை சொல்லி நீ கேட்ட நாள் எது? அதைவிட, நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்ன நாள்தான் எது? உன் அம்மா இருந்தவரை நமக்குள் நடந்த பேச்செல்லாம் அவள் வழியாக நடந்தது. "அவன் சாப்பிட்டானா" என்று நான் அவளைக் கேட்பேன். "அந்தாளு தூங்கிட்டாரா" என்று நீ அவளைக் கேட்பாய். அவள் போன பிறகு அந்த வழியும் அடைபட்டது. போனில் உன் குரலைக் கேட்டால் நான் தயார் செய்து வைத்ததெல்லாம் கலைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம். வாழ்நாள் முழுவதும் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில், அடுத்தவர் செய்த பொருள் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்தே பழகியவன் நான். என் சொல்லையும் அப்படிப் பார்த்துத்தான் வெளியே விட முடிகிறது.

உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூரில் உன் மாமா வீட்டுக்கு பஸ்ஸில் போவோம். நம் நிறுத்தத்தில் இறங்க வேறு யாரும் இல்லாவிட்டால் வண்டி நிற்காமல் போய்விடும். குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள். எனக்குக் குரல் வராது. எம்.எஸ்சி. படித்தவன், அலுவலகத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. ஆனால் ஓடும் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட என்னால் முடியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி உன்னையும் அம்மாவையும் வெயிலில் திரும்ப நடத்தியே கூட்டிப்போவேன். "காத்தாட நடக்கலாம்" என்று சமாளிப்பேன். உன் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். ஒருநாள், நிறுத்தம் நெருங்கும்போது, இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த நீ, உன் உடம்பு முழுவதையும் குரலாக்கி, "ஹோல்டான்!" என்று கத்தினாய். டிரைவர் பதறிப் பிரேக்கை மிதித்துவிட்டுச் சிரித்தார். "யார்றா அது, புச்சா கண்டக்டரப் போட்டுக்கீறானுங்கோ?" என்று கண்டக்டர் கேட்டார். "எங்கப்பா எறங்கணும்" என்று என்னைக் கை காட்டினாய். பஸ்ஸே என்னைப் பார்த்தது. நான் வெட்கத்தோடு இறங்கினேன். அதன் பிறகு நாம் எப்போது பஸ்ஸில் போனாலும் எனக்காக நிறுத்தச் சொல்வது உன் வேலையாயிற்று.

இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வரும் பிள்ளை பிற்காலத்தில் என்ன ஆவான் என்று யூகிக்க எம்.எஸ்சி. தேவையில்லை. ஆனாலும் நான் யூகிக்கவில்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று நீ அம்மாவிடம் சொன்னபோது நான் அடுத்த அறையில் செய்தித்தாளின் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை நீ அவமானம் என்று எடுத்துக்கொண்டாய். பொய் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை: முதல் சில வருடங்கள் அது அவமானம்தான். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடம் "போக்குவரத்துத் துறையில்" என்று சொன்னேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் நீ என்னை "நைனா" என்று கூப்பிட ஆரம்பித்தாய் என்று நினைக்கிறேன். "இன்னா நைனா, போக்குவரத்து மந்திரி ஊட்டுக்கு வன்ட்டாரு, சோறு போடச் சொல்லு" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாய். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

அந்த அவமானம் எப்போது போயிற்று என்பது எனக்குத் தெரியும். உன் அம்மாவின் ஸ்கேனுக்கு டோக்கன் வாங்க நான் விடியலிலேயே பூந்தமல்லி தாண்டிப் போக வேண்டியிருந்த நாள். "நம்ம வண்டிலயே ஏறிக்க, வழில எறக்கி உட்டுர்றேன்" என்றாய். கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். ஆவடியிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் தொழிற்சாலைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போகும் அந்தப் பெண்கள் ஏறினார்கள். ஈரத் தலையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, உட்கார்ந்த மறுநிமிடம் தூங்கிப்போனார்கள். ஒருத்தியின் தலை இன்னொருத்தியின் தோளில், அவள் தலை ஜன்னல் கம்பியில். நசரத்பேட்டைப் பக்கம் சாலை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளம் வருமுன்பே நீ வேகத்தைத் தளர்த்தி, ஒரு பக்கச் சக்கரத்தை மெல்ல இறக்கி ஏற்றி, மறுபக்கத்தை ஒதுக்கினாய். வண்டி நிறைய அத்தனை தலைகள், ஒன்றுகூட முட்டிக்கொள்ளவில்லை. நுண்ணிய அளவுகளோடு வாழ்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியும். நான் இறங்கும்போது உன் தோளைத் தொட நினைத்தேன். "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். வண்டி ஓட்டுகிறவனிடம் பார்த்துப் போ என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? அன்று நான் சொல்ல நினைத்தது அது இல்லை.

போன ஆடியில் உனக்கு நெஞ்சு வலித்ததும் அதே சாலையில்தான். நசரத்பேட்டையில் ஆரம்பித்தது என்று நீயே சொன்னாய். கேஸ் என்று நினைத்து, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலை வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய், எல்லோரையும் இறக்கிவிட்டு, டீக்கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே சரிந்தாய். உன்கூட ஓட்டும் டிரைவர்கள்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். "அத்தினி பேரையும் எறக்கி உட்டுட்டுத்தான் மாமே உக்காந்தேன்." அவர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தெய்வம்டா" என்றார்கள். நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகன் வலியோடு அவ்வளவு தூரம் அந்தத் தலைகளைச் சுமந்துகொண்டு போனான் என்பதில் எனக்கும் ஒரு கர்வம் வந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது. கர்வத்தைவிட அது பெரிதாக இருந்தது. அன்று வலி உனக்கு நேரம் கொடுத்தது. அடுத்த முறையும் கொடுக்கும் என்று யார் சொன்னது?

ஸ்டென்ட் வைத்தார்கள். ஓய்வு என்று சொன்னதைப் பாதி எடுத்துக்கொண்டு, பாதியிலேயே மறுபடி வண்டி ஏறினாய். பழைய லைசென்ஸ் அப்போது நடப்பில் இருந்தது, யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ ஷிஃப்ட் முடிந்து வரும்வரை வாசல் கேட்டின் தாழ்ப்பாளைக் கழற்றுவதும் போடுவதுமாக இருப்பேன். கொசு வரும் என்று ஒருநாள் செல்வி திட்டினாள். உன் இருமல் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்த மாதங்களைத்தான் முதலில் வைப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கும் வேளை வந்தது. பேட்ஜ் வைத்திருக்கிறவன் மருத்துவச் சான்று காட்ட வேண்டும். அதை எப்படி வாங்குவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். டிரைவிங் ஸ்கூல் கடையில் போட்டோவைக் கொடுத்தால் போதும், சாயந்திரம் கையெழுத்தோடு வந்துவிடும். டாக்டர் ஆணா பெண்ணா என்றுகூட ஓட்டுநருக்குத் தெரியாது. உன் போதாத காலம், வழக்கமான கடைக்காரர் கொஞ்ச நாளைக்கு எதுவும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார். அப்போதுதான் உனக்கு என் நினைவு வந்தது. என் பிரஷருக்கு மாத்திரை எழுதும் அம்பத்தூர் டாக்டரம்மாவுக்கு என்மேல் மதிப்பு உண்டு. "நீ ஒண்ணும் பேச வேணாம் நைனா. பக்கத்துல சும்மா உக்காந்துகினு இரு. உன் மூஞ்சியப் பாத்தாலே கண்ண மூடினு போட்டுக் குடுத்துரும்" என்றாய். எனக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பதைத்தானே ஆயுள் முழுக்கச் செய்துவந்தேன்?

அந்த அறையில் நடந்ததை நீ ஒருவிதமாக நினைவு வைத்திருப்பாய். நான் நினைவு வைத்திருப்பது இப்படி. "என்ன சார், மாத்திரை தீந்துடுச்சா?" என்று டாக்டரம்மா என்னைத்தான் முதலில் கேட்டார். இல்லை, பையனுக்கு என்றேன். நீ விஷயத்தைச் சொன்னாய். கண் பலகையைப் படிக்கச் சொன்னார், படித்தாய். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார், கண்டுபிடித்தாய். பிரஷர் பார்த்தார். "உங்கப்பா மாதிரி பேஷண்ட் யாருமில்லப்பா. ஒரு வேளை மாத்திரைய மறந்துட்டா போன் பண்ணி எங்கிட்ட மன்னிப்பு கேக்கறாரு" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேட்டார்.

"சுகர்?"

"இல்ல மேடம்."

"வலிப்பு, மயக்கம் ஏதாவது?"

"அய்ய, இல்ல மேடம்."

"நெஞ்சு வலி, ஹார்ட் பிரச்சினை?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடியாது மேடம். கல்லு மாரி கீறேன்."

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அப்படியா சார்? கல்லு மாதிரியா?" என்றார். அது கேள்வியே இல்லை, பாபு. ஒரு பேச்சுக்குக் கேட்டது. நானும் சிரித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். சிரிப்பதற்காக வாயைத் திறந்ததாகத்தான் எனக்கு நினைவு. "ஸ்டென்ட் வச்சிருக்கும்மா. போன ஆடியில" என்று வந்தது.

டாக்டரம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். உன்னைத் திட்டவில்லை. "ஏம்ப்பா, எங்கிட்ட சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?" என்றுதான் கேட்டார். "ஸ்டென்ட் வச்சவன் வண்டியே ஓட்டக்கூடாதுன்னு இல்ல. ட்ரெட்மில் டெஸ்ட் எடு, எக்கோ எடு, உன் ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. நல்லா இருந்துச்சுன்னா நானே சந்தோஷமா போட்டுத் தர்றேன். இப்ப போட முடியாது. அத்தனை பேர் உயிருப்பா." நீ எழுந்து வெளியே போனாய். நான் எழுந்து, டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியே கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். "நீ எனக்கு அப்பனா, இல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளா?" என்றாய். கரும்புச்சாறுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எங்கெல்லாம் வாயத் தொறக்கணுமோ அங்கெல்லாம் மூடினு இருந்த. அம்மாவ நடுரோட்டுல நடக்க வச்ச. எனக்கோசரம் ஒருநா ஒரு எடத்துல பேசிக்கீறியா? இன்னிக்கி மட்டும் இன்னாத்துக்குத் தொறந்த?" பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். சாலையைக் கடக்கத் தெரியாமல் நான் நின்றேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தாய். என் முகத்தைப் பார்க்காமல், "ஏறு" என்றாய். வீடுவரை ஒவ்வொரு வேகத்தடையிலும் மெல்லத்தான் ஏற்றி இறக்கினாய். அவ்வளவு கோபத்திலும் என் முதுகு உனக்கு நினைவிருந்தது. அன்றிலிருந்து நீ என்னை நைனா என்றும் கூப்பிடவில்லை, அப்பா என்றும் கூப்பிடவில்லை.

உன் கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன். இன்று மட்டும் எதற்குத் திறந்தாய்? முதலில் எனக்குக் கிடைத்த பதில் அந்தத் தலைகள். டாக்டரம்மா கேட்டபோது என் கண்ணுக்கு முன் வந்தவை அவைதான். கடைசி சீட்டிலிருந்து பார்த்த ஈரத் தலைகள். அது உண்மை. ஆனால் அது முழு உண்மையா என்று சோதித்துப் பார்த்தேன். நீ டிரைவராகப் போகிறேன் என்ற நாளில் நான் சொல்லாமல் விழுங்கிய "வேண்டாம்" எங்கேயோ உள்ளே கிடந்து, அன்று சந்து கிடைத்து வெளியே வந்ததோ? அந்தத் தலைகளைச் சாக்காக வைத்து என் பழைய ஆசையை நிறைவேற்றிக்கொண்டேனோ? இல்லை என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. ஒரு பொருள் சந்தேகமாக இருந்தால் நாங்கள் அதைத் தள்ளிவைத்துவிட்டு மறுநாள் பார்ப்போம். என்னை நானே எத்தனை மறுநாள் பார்த்தும் முடிவு வரவில்லை. உன்னைப் பற்றிய பயமும் இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

ஆனால் இன்னொன்றில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொன்னது தவறல்ல. சொன்ன இடம் தவறு. நீ ஸ்டென்ட்டோடு மறுபடி வண்டி ஏறிய அந்த மாதங்களில், கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில், "பாபு, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குள், உன் முகத்தைப் பார்த்து. நீ கத்தியிருப்பாய், தட்டைத் தள்ளியிருப்பாய். ஆனால் அது நம் இருவருக்குள் இருந்திருக்கும். உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவரிடம், உன் முன்னால், உன்னைத் தாண்டிச் சொன்னேன். என்னை நம்பிப் பக்கத்தில் உட்காரவைத்தவனை நான் அங்கே தனியாக விட்டேன். அதற்குத்தான் மன்னிப்பு. டாக்டரம்மாவிடம் கேட்டது உனக்குச் சேர வேண்டியது.

வேலை போனதைப் பற்றி எழுதாமல் இருக்க நினைத்தேன். "பேப்பர் இல்லாம வண்டியக் குடுத்தா என் தலைல கைய வச்சிருவானுங்கோ" என்று பஸ் காண்ட்ராக்டர் சொன்னதும், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கு வாசலில் உனக்கு வேலை கிடைத்ததும் செல்வி சொல்லித் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று, ஒருநாள் நான் அங்கே வந்தேன். எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றேன். பெரிய டிரெய்லர் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. நீ விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, போதும்" என்று கையை ஆட்டினாய். ஓட்டியவன் இளைஞன். மூன்றாவது முறையும் கோணலாக ஏற்றிவிட்டு, தலையை வெளியே நீட்டி, "அண்ணாத்தே, ஓட்டத் தெரியாதவன்லாம் சைக காட்டுனா இப்டித்தான் ஆவும்" என்றான். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வண்டியை ஒரே ஒடிப்பில் உள்ளே ஏற்றக்கூடியவன் நீ. இறங்குடா என்று சொல்லியிருக்கலாம். விசிலைச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடி வாயில் வைத்து, "வா, வா" என்றாய். நான் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்த அறையில் நான் பேசியிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரே தடவைதான். அந்த நினைப்பு பஸ் மாறி அம்பத்தூர் வீட்டுக்கு வரும்வரை கூடவே வந்தது.

அதற்குப் பிறகு வாடகை குறைவு, பாப்பா பள்ளிக்குப் பக்கம் என்று சொல்லித் திருநின்றவூருக்குப் போனீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியவில்லை என்பதும் உண்மை. போகும்போது தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறது என்று பாப்பாவிடம் சொல்லி அனுப்பினாய், எனக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதென்று. பாப்பா வந்து, "தாத்தா, செருப்பு போட்டுகினு போடணுமாம், அப்பா சொல்லிச்சு" என்றாள். அம்மா செய்த வேலையை இப்போது அந்தக் குழந்தை செய்கிறது. அவளை அதற்குப் பழக்க வேண்டாம், பாபு. நம் வீட்டில் அது ஒரு தலைமுறையோடு போகட்டும். நான் உனக்குச் சொல்லும் புத்திமதி அது ஒன்றுதான்: அவளிடம் எதையும் நேராகச் சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்.

ஏனென்றால் உனக்குப் பயமாக இருக்கிறது. செல்வி சொன்னாள். டெஸ்டுக்கென்று கிளம்பி ஆவடி ஸ்டேஷன்வரை போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாயாம். "அந்த மிஷின்ல ஏத்தி நடக்க உட சொல்லோ நெஞ்சு அடச்சிக்கினா, அத்தோட எல்லாம் பூடும்ல" என்றாயாம். எனக்கு அது புரிகிறது. டெஸ்ட் எடுக்காதவரை நீ ஓட்டுநர். கொஞ்ச நாளாக வண்டி இல்லாத ஓட்டுநர். எடுத்துவிட்டால் அதுவும் இல்லாமல் போகலாம். உன் அம்மாவின் ஸ்கேன் முடிவு வந்த உறையை நான் இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் நன்றாக இருந்தாள், என் கணக்கில்.

ஆனால் வருடா வருடம் வண்டிக்கு எஃப்.சி. காட்டும்போது நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார். பட்டறையில் இரண்டு நாள் கிடப்பாய். பிரேக் லைனிங் தேய்ந்திருந்தால், பெயின்ட் அடித்து ஒப்பேற்றலாம் என்று முதலாளி சொன்னாலும் கேட்க மாட்டாய். "நம்பி ஏறுறாங்கோ நைனா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாய். அந்த வண்டியில் பிரேக்கைவிட முக்கியமான ஓர் உறுப்பு இருக்கிறது. அது உன் பனியனுக்குள் இருக்கிறது. அதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்கிறாய்.

டெஸ்டில் தேறிவிடுவாய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. தேறினால் டாக்டரம்மாவிடம் நீ தனியாகவே போகலாம், நான் வரவில்லை. தேறாவிட்டால் என்ன செய்வது? வேறு வேலை இருக்கிறது, உயிர்தான் முக்கியம் என்றெல்லாம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அந்தக் கிடங்கு வாசலைப் பார்த்தவன் அப்படி எழுத முடியாது. அது ஓர் இழப்புதான். அதற்கு ஈடு கிடையாது. கூட உட்கார்ந்து அழ நான் இருப்பேன், அவ்வளவுதான். அழவும் எனக்குச் சரியாக வராது.

காண்ட்ராக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நேற்று அவர் ஷெட்வரையும் போனேன். வாசலில் உன் பழைய வண்டி நின்றிருந்தது. கண்ணாடிக்கு மேலே நீ ஒட்டிய எலுமிச்சைப் படம் பாதி உரிந்திருந்தது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். மறுபடியும் உன்னைத் தாண்டி இன்னொருவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது சரியா என்று தெரியவில்லை. அந்தப் பெண்களைப் பெற்றவர்கள் யாராவது வந்து, தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. அதனால் நான் செய்யக்கூடியது என்ன என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை முதல் மின்சார ரயிலில் நான் திருநின்றவூர் வந்துவிடுவேன். நீ வண்டி எடுப்பதாக இருந்தால், அந்தப் பெண்கள் ஏறும்முன் நான் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். செவ்வாய்க்கிழமையும் வருவேன். நீ ஓட்டும் எல்லா நாளும் வருவேன். யாரிடமும் எதுவும் பேச மாட்டேன். நீ கேட்டது அதுதானே, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. வெளியாளை ஏற்றக் கூடாது என்று காண்ட்ராக்டர் சத்தம் போடலாம். போடட்டும். அத்தனை தலைகளோடு என் தலையும் அந்த வண்டியில் இருக்கட்டும். கண்ணாடியில் பார்த்தால் உனக்குத் தெரியும்.

என்னை இறக்கிவிட வேண்டுமென்றால் நீ வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஹோல்டான் என்று நீதான் சொல்ல வேண்டும், பாபு. எனக்கு அந்த வார்த்தை இன்னும் வாயில் வரவில்லை.

அப்பா